ஏழாவது கேள்வி

ஏசியை அணைத்தாயிற்று. ஏசி ஓடினால் ஒலிப்பதிவில் இரைச்சல் விழும், மின்விசிறி அதைவிட மோசம். ஆகவே சாலிகிராமத்தின் இந்த மூன்றாம் மாடி அறைக்குப் புதிய புத்தகத்தைப் பற்றியோ புதிய படத்தைப் பற்றியோ பேச வருகிறவர்கள் எல்லாரும் வேர்த்துக்கொண்டேதான் பேசியாக வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான், வேர்த்த முகத்தில் பொய் ஒட்டாது என்று வசுமதி முன்பெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். இன்றைக்கு வேர்ப்பது அவளுக்கு. எதிரே அரியநாதன் முகத்தில் ஒரு பொட்டு ஈரமில்லாமல், தாலி கட்டப் போகிற மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். புது நாவல் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அதைப் படமாக்க ஆள் கிடைத்து, இயக்கப்போவதும் அவரே என்று செய்தி வந்துவிட்டது. மனிதருக்கு ஏன் வேர்க்கப்போகிறது? பெனடிக்ட் அவர் காலரில் மைக்கைக் குத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். இனி இந்த அறையில் யார் முணுமுணுத்தாலும் அவன் காதுக்குப் போகும். "அக்கா, ரெண்டு நிமிசம்," என்றான். இரண்டு நிமிடத்தில் நேரலை. அவரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தாள். மனிதர் அரைமணி நேரம் தாமதமாக, பதிப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பதிப்பாளர் இப்போது மூலையில் ஸ்டூல் போட்டு, தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். வசுமதியின் மடியில் பத்துக் கேள்விகள் எழுதிய தாள். பத்தில் ஒன்பது அவளுடையது. ஏழாவது மட்டும் அரியநாதன் கேட்டு வாங்கியது. முந்தாநாள் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்: 'இந்த நாவலுக்கு விதை எங்க கிடைச்சதுன்னு கேளுங்க. ஒரு விஷயம் சொல்லணும்.'

விதை எங்கே கிடைத்தது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? விதையைக் கொடுத்தவளே அவள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே அறையில், மைக் போடுவதற்கு முன், அக்காவின் வாழ்க்கையிலிருந்து பிய்த்தெடுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். வசுமதிக்கு ஒரு தொழில்முறை உண்டு. அதற்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர் வெற்றிலை பாக்கு. யாரையும் உரிமையோடு அழைப்பதென்றால் வெற்றிலை பாக்கு வைத்துத்தானே அழைக்க வேண்டும்? அதுபோல, வாய் திறக்காத ஆளை வாய் திறக்க வைக்க வேண்டுமென்றால் முதலில் நம்முடைய ரகசியம் ஒன்றை அவர்முன் வைக்க வேண்டும். கேமரா ஓடாத நேரத்தில், சும்மா பேச்சுவாக்கில். நாம் ஒன்று வைத்தால் அவர்கள் பதிலுக்கு ஒன்று வைக்காமல் இருக்க முடியாது, மனுஷ சுபாவம் அப்படி. ஒரு பெண் கவிஞரிடம் கலைந்துபோன தன் கருவைப் பற்றிச் சொன்னாள். ஒரு இயக்குநரிடம் பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டதைச் சொன்னாள். ஒவ்வொருவரும் கேமரா முன்னால் கொட்டித் தீர்த்தார்கள். 'பக்கத்து நாற்காலி' என்ற அவளுடைய சேனலுக்குப் பேர் கிடைத்தது. ஆனால் ஒரு மனுஷியிடம் எத்தனை ரகசியம்தான் இருக்கும்? அரியநாதன் வந்த அன்றைக்குக் கையிருப்பு காலி. மனிதரோ கல்லுளிமங்கன், எதைக் கேட்டாலும் 'ஆமா', 'இல்ல', 'எழுதியிருக்கேனே, படிச்சுக்கிடுங்க' என்று மூன்றே பதில். அப்போதுதான் அது அவள் வாயிலிருந்து வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று சொல்லியிருக்கலாம். தோழி என்று சொல்லியிருக்கலாம். 'எங்கக்கா' என்றாள். அப்படிச் சொன்னால்தான் கனம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கனத்துக்காகத்தான் சொன்னாள், வேறெதற்கும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல்கூடத் தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும், அக்காவைக் கெடுக்காது.

"போறோம்க்கா. மூணு, ரெண்டு..." பெனடிக்ட் விரலை மடக்கினான். "வணக்கம். பக்கத்து நாற்காலியில் இன்றைக்கு நம்மோடு எழுத்தாளர் அரியநாதன்," என்றது அவள் குரல். அந்தக் குரலுக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை, வீட்டில் பால் பொங்கினாலும் இழவு விழுந்தாலும் அது இப்படியே இருக்கும். "ஏழு வருஷத்துக்கு அப்புறம் உங்க புது நாவல், 'இரண்டே முக்கால் ஆட்டம்.' முதல்ல, ஏன் இத்தனை இடைவெளி சார்?" நூறு பேர் கேட்ட கேள்வியை முதலில் கேட்பது வழக்கம், நாக்கு பழக வேண்டும் இல்லையா. அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். நேரலையில் வருகிற பின்னூட்டங்கள் அதில் ஓடும். முதல் பின்னூட்டம் எப்போதும் போல 'இந்திராணி எம்' என்ற பெயரில்: 'வாழ்த்துகள் பாப்பா. அம்மாவும் பாக்குறாங்க.' கூடவே மூன்று பூ. அருப்புக்கோட்டையில் அக்கா டிவியில் யூடியூபைப் போட்டு, அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தி, காதில் மெஷினை மாட்டிவிட்டு, வேலையெல்லாம் முடித்துத் தயாராக இருப்பாள். தங்கச்சி பேசுகிற ஒரு நிகழ்ச்சியையும் அவள் விட்டதில்லை. யார் வந்தாலும் அவர்களுடைய புத்தகத்தை வாங்கி, அட்டை போட்டு, அலமாரியில் வைப்பாள். இதையும் வாங்குவாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வருவாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படிப்பாள். அதற்கப்புறம் என்ன செய்வாள் என்று வசுமதியால் யோசிக்க முடியவில்லை, அந்த இடத்தில் நினைப்பு சிக்கிக்கொண்டு நின்றது, சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டினாற்போல.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெண். ஊர் கோவில்பட்டி என்று மாற்றியிருந்தார், அப்பாவைத் தாலுகா ஆபீஸ் எழுத்தர் ஆக்கியிருந்தார், பெயரையும் மாற்றியிருந்தார், மற்றபடி அக்காவேதான். அப்பா அடுப்படி வாசலில் விழுந்து கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, கண் மட்டும் அவளையே பார்க்கிறது. அவள் கத்தவில்லை, பக்கத்து வீட்டுக்கு ஓடவில்லை. ஒரு நிமிஷம் நிற்கிறாள், விசிறியைப் போட்டுவிடுகிறாள், கதவைப் பூட்டுகிறாள், மேட்னி பார்க்கப் போகிறாள். அந்த விசிறி! எல்லாவற்றையும் மாற்றியவர் அதையும் மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா? மாற்ற மாட்டார். அதுதான் அந்தக் கதையின் உயிர் என்று தெரியாத அளவுக்கு அவர் மோசமான எழுத்தாளர் இல்லை. ஊருக்குத் தெரிந்த கதை வேறு. அம்மா ராஜபாளையத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள், வசுமதி மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாள், அக்கா பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள், அவள் கிளம்பும்போது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆறு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் கிடந்தார், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போனார். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா இருபத்தேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஆறப் பார்க்கிறாள். 'யாருமில்லாத நேரம் பாத்து விழுந்துட்டாக, விதி.' அப்புறம், எங்கேயோ பார்த்துக்கொண்டு, 'காத்தாடி மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சாம்டி. உங்கப்பா பகல்ல காத்தாடியே போட விட மாட்டாகளே,' என்பாள். இருபத்தேழு வருஷமாக அந்த விசிறி அம்மாவின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு இந்த ஆள் டிவி பெட்டிக்குள்ளிருந்து அதைப் போட்டது யாரென்று சொல்லப்போகிறார்.

"...பெண்ணோட மனசுக்குள்ள போயி எழுதறது கஷ்டமா இல்லையா சார்?" இது நாலாவது. கேட்டது அவள்தான். மூன்றாவதை எப்போது கேட்டாள்? அரியநாதன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, "கஷ்டம்னு இல்ல. உள்ள போயிட்டா ஆணும் இல்ல பொண்ணும் இல்ல, பயம் மட்டும்தான் இருக்கு," என்றார். நல்ல பதில். பாராட்டுகள் டேப்லெட்டில் சரசரவென்று ஏறின. அக்காவும் ஒரு கைதட்டல் போட்டாள். போடாதே அக்கா என்று கத்தவேண்டும் போலிருந்தது வசுமதிக்கு. ஆறு நாளுக்கு முன்னால் புத்தகம் கைக்கு வந்தது. வடபழனியில் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தவள், அந்தப் பக்கம் வந்ததும் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் போய்விட்டாள். அரியநாதனுக்குப் போன் பண்ணினாள். 'நேர்ல பேசுவோம்மா,' என்று வைத்துவிட்டார். நேரலை வேண்டாம், பதிவு செய்து வெளியிடுவோம் என்று பெனடிக்ட்டிடம் சொல்லிப் பார்த்தாள், 'விளம்பரம் போட்டாச்சேக்கா' என்றான். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வேறு சேனலில் போய் உட்கார்ந்து அங்கே சொல்லிவிடுவாரே, அப்போது தடுக்க யார் இருப்பார்கள் என்று ஒரு காரணம். அது பொய்க் காரணம் இல்லை, ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது: ஊரெல்லாம் பேசுகிற நாவல், முதல் நேர்காணல் தனக்கு. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான், அதற்கு விளம்பரம் வேறு போட்டாயிற்று.

அடுத்த பிளாட்டில் குக்கர் விசில் அடித்தது. பெனடிக்ட் முகத்தைச் சுளித்தான். குக்கர் அடிக்கட்டும், பத்து விசில் அடிக்கட்டும், சிலிண்டரே வெடிக்கட்டும். ஐந்தாவது கேட்டாள். ஆறாவது கேட்டாள். படமாக எடுக்கும்போது வெளிச்சத்தை எப்படி வைக்கப் போகிறார் என்று அவர் கையால் சட்டம் போட்டுக் காட்டினார், ஜன்னல் இங்கே, கதவு இங்கே, விழுந்து கிடக்கிற ஆள் இங்கே என்று. அன்றைக்கு அவள் பார்த்திராத தன் வீட்டு அடுப்படியை அவர் அவளுக்கே காட்டிக்கொண்டிருந்தார். அக்கா அதைச் சொன்னது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மதுரையில், கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போவதற்குக் கொஞ்சம் முன்பு. பச்சை அங்கியில், வளையல்களைக் கழற்றித் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, 'பாப்பா, நான் திரும்பி வரலைன்னா இது யாருக்குமே தெரியாமப் போயிரும்,' என்று ஆரம்பித்தாள். ஏன் போனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலடி என்றாள். அதற்கு முதல் நாள் அப்பா அடித்தது நிஜம், ஆனால் அதுக்காகப் போகல என்றாள். அவளுக்குத் தாகமாக இருந்தது, தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வசுமதி கையைப் பிடித்துக்கொண்டு, 'விடுக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்,' என்றாள். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவள் அன்றைக்குக் கூடப்பிறந்தவள் வாயை அடைத்துவிட்டுத்தான் வந்தாள். நர்ஸ் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஏழாவது. தாளில் அந்த வரி நீலமாகத் தெரிந்தது. விட்டுவிடு. கண்ணை எட்டுக்குக் கொண்டு போ. ஒன்றும் குடிமுழுகிவிடாது.

"இந்தப் படத்துல புதுமுகங்களைத்தான் போடப்போறீங்களா சார்?" என்று எட்டாவதைக் கேட்டாள்.

அரியநாதன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ண விட்டுட்டீங்களே, வசுமதி."

"எதை சார்?"

"விதை எங்க கிடைச்சதுன்னு கேக்கவே இல்லையே. எல்லாரும் கேக்கிறது அதத்தான?" மூலையில் பதிப்பாளர் தலையாட்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

வயர் காலில் தட்டியதாகப் பாவனை செய்து இணைப்பைப் பிடுங்கிவிடலாம். கால் எட்டவில்லை. மயக்கம் போட்டு விழலாம், விழுந்தால் பெனடிக்ட் ஓடி வருவான், அவன் ஒன்றும் விசிறியைப் போட்டுவிட்டுப் படத்துக்குப் போகிற ஆள் இல்லை. ஐயோ, என்ன நினைப்பு இது. உங்கள் கையிலிருக்கிறது என் அக்கா மானம் என்று கண்ணால் சொல்லப் பார்த்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு வேற யாரும் இல்ல," என்றார். "நான்தான்."

அவரே தொடர்ந்தார். "எனக்கு அப்பம் பதினேழு வயசு. மத்தியானம். எங்கப்பா அடுப்படி வாசல்ல விழுந்து கெடக்காங்க, என்னையவே பாக்காங்க, பேச்சு வரல. நான் ஒண்ணும் செய்யல. விசிறியப் போட்டேன், கதவப் பூட்டினேன், படத்துக்குப் போயிட்டேன். இத்தன வருசமா இத யார்ட்டயும் சொன்னது கிடையாது. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. ஆம்பளையா வச்சு எழுத எனக்குத் தைரியம் வரல, பொண்ணா மாத்திட்டேன்." கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. அழகாக உடைந்தது, உடைய வேண்டிய இடத்தில்.

முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொன்னால் அதுதான் நிஜம்: கழுத்திலிருந்து முதுகு வரைக்கும் ஒரு குளிர்ச்சி இறங்கியது, அக்கா பிழைத்தாள், நான் பிழைத்தேன், அம்மா எவனோ ஒரு எழுத்தாளன் கதை என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அதற்குப் பின்னாலேயே, படியேறி வருகிற ஆள் மாதிரி, மற்றது வந்தது. இந்த ஆள் பொய் சொல்கிறார். அன்றைக்கு அவள் வெற்றிலை பாக்கு வைத்து முடித்தபோது பதிலுக்கு அவர் வைத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும். 'எங்கப்பா சாகும்போது நான் பக்கத்துலதாம்மா இருந்தேன், கையப் பிடிச்சுக்கிட்டு. ஒண்ணுமே நடக்கல. அழுகைகூட வரல. உங்கக்காவுக்கு இருக்க மாதிரி ஒண்ணு எனக்கு இல்லையேன்னு பொறாமையா இருக்கு,' என்றார். அன்றைக்கு அதைக் கேட்டு அவள் சிலிர்த்தாள், ஆகா என்ன நேர்மை என்று நினைத்தாள். இப்போது அந்த இல்லாததை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பொருத்தமாகத்தான் இருக்கிறது. பொய் என்று சொல்ல வாயெடுத்தால் உண்மை யாருடையது என்று சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் எங்கே போய்க் கத்துவான்? பின்னூட்டங்கள் பொங்கிக்கொண்டு வந்தன. 'என்ன ஒரு துணிச்சல்', 'கண்ணீர் வந்துவிட்டது ஐயா', கும்பிடுகிற கைகள், உடைந்த இதயங்கள். 'இந்திராணி எம்' என்ற பெயரை அந்த வெள்ளத்தில் தேடினாள். இல்லை. இருபத்தேழு வருஷம் ஒருத்தி மென்று விழுங்கியதற்கு இன்னொருத்தருக்குக் கைதட்டல் விழுகிறது, இதற்குக் கோபப்பட வேண்டும், கோபம் வந்தது, ஆனால் கோபப்பட அவளுக்கு என்ன யோக்கியதை? அவர் கதவைத் திறந்து திருடவில்லை, இவளே கூப்பிட்டுக் கொடுத்தாள். அப்போதும் வாய் சும்மா இருந்ததா? பழகிப்போன நாக்கு. எதிராளி உடைந்து நிற்கிற நேரத்தில் சின்னதாக, மெதுவாக, ஒரே ஒரு துணைக்கேள்வி போட வேண்டும், அதுதான் வித்தை. அது தானாக வந்தது.

"அன்னைக்குப் பார்த்தது என்ன படம் சார்?"

அரியநாதன் ஒரு கணம் விழித்தார். அவள் கொடுத்த தட்டில் அது இல்லை. "அது... மறந்துட்டும்மா," என்றார். பிறகு சமாளித்துக்கொண்டு, "அதுதான் விசேஷம் பாத்துக்கிடுங்க. மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன், திரையில என்ன ஓடுச்சுன்னே தெரியல." பதிப்பாளர் கண்ணைத் துடைத்தார்.

ஒன்பதும் பத்தும் எப்படிப் போயின என்று தெரியாது. நன்றி சொன்னாள், கும்பிட்டாள், பெனடிக்ட் கட்டைவிரலைத் தூக்கினான், "பன்னெண்டாயிரம் பேர் லைவ்ல இருந்தாங்கக்கா," என்றான். அரியநாதன் மைக்கைக் கழற்றிக்கொண்டே அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில், "உங்க மேல ஒரு சொல் வராம முடிச்சாச்சு. இப்பம் திருப்திதான?" என்றார். உபகாரம் செய்தவரின் முகம். அவளும் ஆமாம் என்றுதான் தலையாட்டினாள், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் இருவரும் படியிறங்கிப் போன சத்தம் அடங்குவதற்குள் போன் அடித்தது. அக்கா. எப்போதும் நிகழ்ச்சி முடிந்த கையோடு கூப்பிடுகிறவள்தான், எப்போதும் 'சேலை நல்லாருந்துச்சு பாப்பா' என்றுதான் ஆரம்பிப்பாள். வசுமதி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா."

"அம்மா அழுதாக பாப்பா," என்றாள் இந்திராணி. "அந்த ஆளுக்காக."

"என்ன சொன்னாங்க?"

"விசிறின்னு அவரு சொன்னதும் என் மூஞ்சிய ஒரு பார்வை பாத்தாக. ஒண்ணும் கேக்கல. கொஞ்ச நேரங்கழிச்சு, 'யாரு பெத்த பிள்ளையோ, இத்தன வருசம் எப்படித் தவிச்சிருக்கும்'னாக. காதுல இருந்த மெஷினைக் கழட்டி வச்சிட்டுப் படுத்துட்டாக."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று வசுமதி வாயைத் திறந்தாள். "அக்கா, அது..."

"அவரு போயிருக்க மாட்டாரு," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, காய்கறிக் கணக்குச் சொல்வது போல இருந்தது. "படம் மறந்துபோச்சுங்கிறாரு. அதெப்படி மறக்கும்? எனக்கு இன்னைக்கும் ஒவ்வொரு சீனும் அப்படியே இருக்கு. பேரு போடும்போது மழை பெய்யும். இடைவேளைக்கு முந்தி அந்தப் பொண்ணு தம்பிக்குச் சோறு ஊட்டுவா. பக்கத்து சீட்டுல ஒரு அம்மா எனக்கு முறுக்கு குடுத்தாக, நான் வாங்கித் தின்னேன். தின்னேன் பாப்பா."

வசுமதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில நான் சொன்னப்ப, என்ன படம்னு நீ கேப்பேன்னு பாத்தேன்," என்றாள் அக்கா. "என்கிட்ட நீ கேக்கல. அவருகிட்ட கேட்ட."